கியர் இறுகிப்போன பழைய அவுட்போர்டு: ஊறவைப்பதா, பிரிப்பதா, கீழ்ப் பெட்டியை மாற்றுவதா?

படகின் பின்பக்கத்தில் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டாரில் கியர் லிவர் அசையவில்லை என்றதும் கை தானாகத் துரு இளக்கும் ஸ்ப்ரேயைத் தேடிப் போகும். அதற்கும் மசியவில்லை என்றால், லிவரின் மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்திப் பார்ப்பார்கள். ஸ்ப்ரே அடிப்பது சில இடங்களில் மட்டும் பலன் தரும். குழாயைச் செருகுவதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. மேலே கொடுக்கும் விசை முழுவதும் கீழே இருக்கும் சின்ன கேமுக்கும் பின்னுக்கும்தான் போய்ச் சேரும். அரை மணி நேர வேலையாக இருந்தது, மோட்டாரின் அடியில் இருக்கும் கியர் பெட்டியை (கீழ்ப் பெட்டி என்பதும் இதுதான்) பிரிக்கும் வேலையாகிவிடும்.

எதைச் செய்வது என்பதை மோட்டாரின் வயது முடிவு செய்வதில்லை. எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. லிவரிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் ஷிஃப்ட் கை, அதிலிருந்து நடுக்காலின் வழியாகக் கீழே இறங்கும் ராடு, அந்த ராடின் நுனியில் கேம், கேம் தள்ளும் பின், பின் நகர்த்தும் டாக் கிளட்ச். இதுதான் முழு வரிசை. டாக் கிளட்ச் (சுருக்கமாக டாக்) ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் மீது, அதாவது நீளவாட்டில் வெட்டிய பல்வரி மீது, முன்னும் பின்னும் சறுக்கும். முன்னே போனால் ஃபார்வேர்டு பல்சக்கரத்தின் பற்களில் மாட்டும், பின்னே வந்தால் ரிவர்ஸில் மாட்டும், நடுவில் நின்றால் நியூட்ரல். இரண்டு பல்சக்கரங்களும் பினியனோடு (எஞ்சினிலிருந்து இறங்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் கீழ் நுனியில் இருக்கும் சிறிய பல்சக்கரம்) எப்போதும் இணைந்தே சுற்றுகின்றன. கியர் மாறும்போது இடம் மாறுவது டாக் மட்டும்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன், உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது டாக்கின் பற்களும் சக்கரத்தின் பற்களும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கலாம். அப்போது லிவர் பாதி வழியில் கல்லில் மோதியதுபோல நின்றுவிடும். ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் மெல்லத் திருப்ப, இன்னொருவர் லிவரை மென்மையாகத் தள்ளினால் 'டக்' என்று விழும். பிளக் வயரைக் கழற்றாமல் இதைச் செய்யக்கூடாது. கியரில் இருக்கும்போது ப்ரொப்பெல்லரைச் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும், பற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. கையால் பிடித்து ஓட்டும் சிறிய டில்லர் மோட்டார்களில் இன்னொரு பூட்டு இருக்கிறது. த்ராட்டில் 'ஸ்டார்ட்' அல்லது 'ஷிஃப்ட்' குறிக்குக் கீழே இறங்காதவரை கியர் மாறாது. த்ராட்டில் கேபிள் நீண்டு தளர்ந்துபோன மோட்டாரில் பிடியின் குறி ஒன்று காட்டும், உள்ளே த்ராட்டில் வேறு இடத்தில் நிற்கும்; கியர் இறுகியது போலவே தோன்றும்.

இவை இரண்டும் இல்லையென்றால் வரிசையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்கலாம். எஞ்சின் பக்கத்தில் கேபிள் நுனியைப் பிடித்திருக்கும் பின்னை எடுத்துவிட்டு லிவரை அசையுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ கன்ட்ரோல் பெட்டியிலோ இருக்கிறது. மோட்டாரைத் தொடவே வேண்டாம். லிவர் சுலபமாகப் போகிறது என்றால், எஞ்சின் பக்கத்து ஷிஃப்ட் கையைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது வரவில்லை என்றால் பிடித்திருப்பது புஷ்ஷா (தண்டு அசையும் உறை), ராடா, கியர் பெட்டியா என்பது இங்கிருந்து தெரியாது. அதற்குள் போவதற்கு முன் கியர் எண்ணெயைப் பார்த்துவிட வேண்டும்.

மோட்டாரை ஒரு இரவு முழுக்கச் செங்குத்தாக நிற்க விடுங்கள். காலையில் கியர் பெட்டியின் கீழ்த் திருகை மட்டும், மேல் திருகைத் தொடாமல், மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. உள்ளே தனியாகப் பிரிந்து நின்றிருந்தால் முதலில் சொட்டுவது அதுதான். பிறகு மேல் திருகையும் எடுத்து மீதியைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். கறுத்த எண்ணெய் வயதைக் காட்டும், அவ்வளவுதான். பால் கலந்த காபி நிறம் என்றால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. துருச் சிவப்பு கலந்த தண்ணீர் என்றால் டாக் ஸ்ப்ளைனோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கப் பெரிய வாய்ப்பு உண்டு. திருகின் காந்த நுனியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

கேபிள் என்று தெரிந்தால்

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் இல்லை: மாற்றுங்கள். எஃகுக் கம்பி பிளாஸ்டிக் உறைக்குள் சறுக்குவதுதான் கேபிள். உறை வெடித்து உப்புநீர் உள்ளே போனதும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக்கொள்கிறது. எண்ணெய் ஊற்றி இளக்கினால் கொஞ்ச காலம் ஓடும், பிறகு மறுபடி பிடிக்கும், அதுவும் படகைக் கரையில் அணைக்கும் நேரத்தில்தான் பிடிக்கும். மாற்றுவதற்கு முன் கன்ட்ரோல் பெட்டியிலிருந்தும் கேபிளைக் கழற்றி லிவரைத் தனியாக அசைத்துப் பாருங்கள். சில சமயம் குற்றம் பெட்டிக்குள் காய்ந்து கெட்டியான கிரீஸுடையதாக இருக்கும்.

புதுக் கேபிளின் நீளத்தைப் பழையதன் உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எந்த வளைவும் 20 செ.மீ. ஆரத்தைவிட இறுக்கமாக இருக்கக்கூடாது. கோட்டைவிடுவது பெரும்பாலும் சரிசெய்தலில்தான். லிவரும் மோட்டாரும் இரண்டும் நியூட்ரலில் இருக்கும்போது கேபிள் நுனி இழுக்காமல் தள்ளாமல் தானாகப் போய் உட்கார வேண்டும். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் டாக் பாதிப் பல்லில் மட்டும் மாட்டும், சுமையில் நழுவும், சில வாரங்களில் பற்களின் மூலைகள் மழுங்கிவிடும்.

மேலேயே ஊறவைத்து இளக்குவது

ஷிஃப்ட் கையின் குறுக்குத் தண்டு அதன் புஷ்ஷில் பிடித்திருந்தால் இது சரியான வழி. பிரிக்கவே தேவையில்லாமல் முடியும். ஆனால் எண்ணெயில் தொடங்காதீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். முதலில் சுடுநீரை ஊற்றி ஊற்றிக் கழுவி, காயவிட்டு, அதன் பிறகே துரு இளக்கும் எண்ணெய். கடையில் வாங்கியது இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம பங்கு கலந்தது நன்றாகவே ஊடுருவும். இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயின்ட்டையும் சில பிளாஸ்டிக் புஷ்ஷையும் தின்றுவிடும், தீப்பிடிக்கும். அது பட்ட இடத்தில் தீச்சுடரோ வெப்பக் காற்றுத் துப்பாக்கியோ காட்டக்கூடாது.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை எண்ணெய் விட்டு, ஒவ்வொரு முறையும் கையை இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைக்கப் பாருங்கள். ஒரே திசையில் அழுத்துவதைவிட முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் துருவை உடைக்கும். இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அசைந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி இறுகும். ஊடுருவும் எண்ணெய் நீடித்த மசகு அல்ல. தண்டை வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து, மரைன் கிரீஸ் பூசி மாட்டினால்தான் வேலை முடிந்தது.

கியர் பெட்டிக்குள் பிடித்திருக்கும் மோட்டாரில் இந்த வழி பயனற்றது. மேலே அடிக்கும் ஸ்ப்ரே ராடின் சீலைத் தாண்டி உள்ளே போகாது. போனாலும் டாக் எண்ணெய்க்குள் மூழ்கித்தான் கிடக்கிறது. பெட்டிக்குள் டீசலை ஊற்றி ஊறவைத்து டாக்கை விடுவிப்பவர்கள் உண்டு, சில சமயம் விடுபடவும் செய்யும். ஆனால் தண்ணீர் போன சீல் அப்படியே இருக்கிறது, துருப் பிடித்த பேரிங் அப்படியே இருக்கிறது. இருக்கும் வழிகளிலேயே மோசமானது இதுதான்: கரையில் கியர் விழும், கடலில் கைவிடும்.

கீழ்ப் பெட்டியை இறக்குவது

எண்ணெய் சுத்தமாக இருந்து, ஊறவைத்த பிறகும் ஷிஃப்ட் கை அசையவில்லை என்றாலும், எண்ணெயில் தண்ணீர் இருந்தாலும், அடுத்த படி இதுதான். பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. சிறிய மோட்டாரில் நான்கு முதல் ஆறு போல்ட். பல மாடல்களில் ஒரு போல்ட் ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் ட்ரிம் டேபுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டேபின் கோணத்தைக் குறித்துவிட்டு அதைக் கழற்றினால்தான் போல்ட் தெரியும். அதைக் கவனிக்காமல் நெம்பி, பெட்டியின் விளிம்பை உடைத்தவர்கள் ஏராளம்.

ஷிஃப்ட் ராடு எப்படி விடுபடுகிறது என்பதை மாடலுக்கான கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜான்சன், எவின்ரூட் சிலவற்றில் கார்புரேட்டருக்குக் கீழே ஒரு இணைப்பு போல்ட்டை எடுக்க வேண்டும். யமஹா பலவற்றில் நடுக்காலின் முன்பக்கத்தில் இணைப்பு நட் இருக்கும். மெர்க்குரி பலவற்றில் ஸ்ப்ளைன் இணைப்பு, பெட்டி இறங்கும்போது தானாகவே பிரியும். ஆனால் எந்தக் கியரில் வைத்து இறக்குவது என்பதற்கு விதி உண்டு. கியர் மாறவே மறுக்கிறது என்றால், ராடும் கையும் நிற்கும் நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். ராடு கீழே மரையில் திருகப்பட்டிருக்கும் மாடலில் அதைச் சும்மா திருகிவிடாதீர்கள். ஒரு முழுச் சுற்று மாறினாலே ராடின் உயரம் மாறி, ஒரு கியர் சரியாக விழாது.

உப்புநீரில் ஓடிய மோட்டாரில் பெரிய தலைவலி இரண்டு. எஃகு போல்ட் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி கட்டி இறுகியிருக்கும்; வெப்பக் காற்றால் அலுமினியத்தைச் சூடாக்கி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி எடுக்க வேண்டும். கேஸ் தீச்சுடர் பிடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகி ஓடிவிடும். இரண்டாவது, டிரைவ் ஷாஃப்ட்டின் மேல் ஸ்ப்ளைன் கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது. போல்ட் எல்லாம் எடுத்தும் பெட்டி ஒரு விரல் அளவுக்கு இறங்கி நின்றுவிட்டது என்றால் காரணம் இதுதான். இரு பக்கமும் மர ஆப்புகளைச் சமமாக இறக்கி, ஸ்ப்ளைனுக்கு எண்ணெய் எட்டும் வழி பார்த்து, பொறுமையாக இருங்கள். வரவே இல்லை என்றால் மேலே இருக்கும் எஞ்சினையே கழற்றித் தூக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் முழு மோட்டாரின் மதிப்பையே மறுபடி எடைபோட வேண்டும்.

பெட்டி மேசைக்கு வந்துவிட்டது. ஷிஃப்ட் ராடைத் துணி சுற்றிய லாக்கிங் பிளையரால் பிடித்து அசைத்துக்கொண்டே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் திருப்புங்கள். மூன்று நிலையும் சுலபமாக வந்தால் கோளாறு மேலே இருந்திருக்கிறது. அசையாமல், எண்ணெயும் சுத்தமாக இருந்தால், ராடு பெட்டிக்குள் நுழையும் புஷ்ஷிலும் ஓ-ரிங்கிலும் பிடித்திருக்கிறது. இது பழைய மோட்டார்களில் அடிக்கடி வருவது, மலிவாக முடிவதும்கூட. புஷ்ஷைக் கழற்றி, ராடை 600 எண் உப்புத்தாளால் மெருகேற்றி, புது ஓ-ரிங் போட்டு, கூடவே வாட்டர் பம்ப் இம்பெல்லரையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்து பழைய இம்பெல்லரை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

உள்ளே துரு என்றால்: பிரித்துக் கட்டுவதா, வேறு பெட்டி வாங்குவதா?

உண்மையான முடிவு இங்கேதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ப்ரொப்பெல்லர் பக்கத்து பேரிங் கேரியரை (ஷாஃப்ட்டின் பேரிங்கைத் தாங்கும் துண்டு) இழுத்து எடுங்கள். சிறியவற்றில் இரண்டு போல்ட், பெரியவற்றில் மரை வளையம். கேரியர் அலுமினியத்தில் ஒட்டிப்போயிருந்தால் புல்லர் தேவை. சுத்தியலால் தட்டி எடுத்தால் கேரியரின் காது போன்ற விளிம்பு உடையும். ஷாஃப்ட்டை எடுத்தபின் டாக்கின் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பல்லின் மூலை நகத்தைத் தடுக்கும். மழுங்கிய மூலையில் நகம் வழுக்கி ஓடும். அந்த மூலை பளபளவென்று மின்னும், அதற்கு நேர் எதிரே பல்சக்கரத்தின் மூலையும் அதே அளவு மின்னும். டாக்கை மட்டும் மாற்றினால் போதாது, எதிர்ச் சக்கரமும் மாற வேண்டும். இல்லையென்றால் கியர் குதித்து விடுபடுவது தொடரும்.

சக்கரங்களின் பல் முகத்தில் மேலோட்டமான துரு துடைத்தால் போய்விடும். துடைத்த பிறகும் ஊசி குத்தியது போன்ற குழிகள் தொடுமுகத்தில் இருந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. பேரிங் உருளைகளில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் பேரிங்கும் போனது.

பற்கள் நன்றாக, டாக் மட்டும் ஸ்ப்ளைனில் ஒட்டியிருந்தால் பிரித்துக் கட்டுவதே சிறந்த வழி, தயங்கவே வேண்டாம். டாக்கைச் சுற்றியிருக்கும் சுருள் ஸ்ப்ரிங் வளையத்தைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் உட்கார வேண்டும். ஷாஃப்ட்டுக்குள் பந்தும் ஸ்ப்ரிங்கும் இருக்கும் மாடலில் குறுக்குப் பின்னை எடுக்கும்போது துணியால் மூடிக்கொண்டு எடுங்கள், பறந்துபோய்விடும். டாக் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று குறித்துவையுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகள் எந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தனவோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் பொதுவாக இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக உட்காரும்: ஒன்று எண்ணெயை உள்ளே வைக்க, இன்னொன்று தண்ணீரை வெளியே நிறுத்த. டிரைவ் ஷாஃப்ட் சீல், ஷிஃப்ட் ராடு ஓ-ரிங், கேரியர் ஓ-ரிங், இரண்டு திருகு வாஷர் எல்லாம் புதிது. எண்ணெய் ஊற்றும் முன் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து ஐந்து நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்கலாம்.

பல்சக்கரம் மாற்றியே ஆக வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிறது. புதுச் சக்கரத்துக்குப் பழைய ஷிம் பொருந்தும் என்ற உறுதி இல்லை. பினியனின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான தளர்வு எல்லாவற்றையும் அளவுகோல் கருவிகளோடு மறுபடி அமைக்க வேண்டும். அந்தக் கருவியும் பழக்கமும் இல்லாதவர் கட்டிய பெட்டி ஊளையிடும், சீக்கிரம் தேயும். இரண்டு சக்கரம், டாக், பேரிங், சீல் என்று கூட்டிப் பார்த்தால் செலவு பயன்படுத்திய முழுப் பெட்டியின் விலையைத் தொட்டுவிடும். அங்கே பெட்டியை மாற்றுவதே மேல்.

பயன்படுத்திய பெட்டி வாங்கும்போது குதிரைத்திறன் ஒன்றுதான் என்பது போதாது. ஷாஃப்ட்டின் நீளம் 15, 20, 25 அங்குலம் என்று வேறுபடும். டிரைவ் ஷாஃப்ட் ஸ்ப்ளைனின் எண்ணிக்கை, ப்ரொப்பெல்லர் பக்கத்து ஸ்ப்ளைன், ராடின் உயரம், சுழலும் திசை எல்லாம் பொருந்த வேண்டும். பல் விகிதத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம்: ஃபார்வேர்டில் போட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பத்துச் சுற்று சுற்றுவதற்கு டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 13-க்கு 27 பல் உள்ள பெட்டியில் அது இருபதே முக்கால் சுற்று, அதாவது 2.08. உங்கள் பழைய பெட்டியிலும் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறும் அல்லது வெறுமனே அலறும். விற்பவர் முன்னிலையிலேயே கீழ்த் திருகைத் தளர்த்தி எண்ணெயைப் பாருங்கள். மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். அடியில் நீட்டியிருக்கும் தகடு உடைந்திருந்தால் பாறையில் மோதியது. ஷாஃப்ட்டைச் சுற்றும்போது நுனி கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் வேண்டவே வேண்டாம்.

1960களிலும் 1972 வரையிலும் வந்த ஜான்சன், எவின்ரூட் சிலவற்றில் கியர் மாற்றுவது மின்காந்தச் சுருள். இவற்றில் கியர் விழவில்லை என்றால் முதலில் வயரையும் மின்சாரத்தையும் பாருங்கள். எண்ணெயும் கையேடு சொல்வது மட்டுமே. சுருள் போய்விட்டால் உதிரி கிடைப்பது அரிது. இந்த வகையில் பெட்டிக்குச் செலவழிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எந்த வழியாக இருந்தாலும் பெட்டிக்குள் பணம் போடும் முன் சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எஞ்சினே தளர்ந்துபோயிருக்கிறது. தளர்ந்த எஞ்சினுக்கு நல்ல பெட்டி மாட்டுவதைவிட, நல்ல பெட்டியோடு இருக்கும் இன்னொரு பழைய மோட்டாரை வாங்கி, இதை உதிரிக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஃபார்வேர்டில் சிக்கிய மோட்டாரை அப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் பற்றியதுமே படகு பாயும், நிறுத்த எஞ்சினை அணைப்பதைத் தவிர வழியில்லை, தண்ணீரில் ஆள் இருந்தால் ப்ரொப்பெல்லர் நிற்காது. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டைக் கழற்றினால்தான் இப்படி ஓட்டவே முடியும். அந்தப் பூட்டைக் கழற்றாதீர்கள்.

பெட்டியைத் திரும்ப மாட்டும்போது டிரைவ் ஷாஃப்ட் ஸ்ப்ளைனின் பக்கங்களில் மட்டும் கிரீஸ் பூசுங்கள். மேல் நுனியில் பூசினால் அது அடைத்துக்கொண்டு பெட்டி முழுதாக உட்கார விடாது. 8 மி.மீ. போல்ட்டுக்கு அலுமினியத்தில் 18 நியூட்டன் மீட்டர் அளவு போதும், மரையில் கிரீஸ் பூசி மாட்டுங்கள். எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்போது மேல் திருகை முதலில் மூடிவிட்டுப் பிறகு கீழ்த் திருகை மூடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி எண்ணெய் குறையும். பத்து மணி நேரம் ஓடியதும் மோட்டாரை ஒரு இரவு நிறுத்தி, கீழ்த் திருகைத் தளர்த்தி முதல் சொட்டைப் பாருங்கள். தண்ணீர் வந்தால் சீலில் ஒன்று தவறாக உட்கார்ந்திருக்கிறது. துருப் பிடிப்பதற்கு முன் திரும்பத் திறந்துவிட வேண்டும்.